பழவேற்காடும் கடன்காரப் பாதிரியாரும்

இணையத்தில் தமிழ் அகராதி தேடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் பெப்ரீஷியஸ் என்ற பெயரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். சென்னைக்காரர்களிடம் கேட்டால், "அது புரசைவாக்கத்துல இருக்குற ஸ்கூல் பேரு ஆச்சே?" என்பார்கள். ரெண்டும் ஒரே ஆள்தான். ஜெர்மனிக்காரர். முழுப்பெயர் யோகான் பிலிப் பெப்ரீஷியஸ்.

அகராதி தெரியும், பள்ளிக்கூடம் தெரியும். ஆள் யாருன்னு நிறையப் பேருக்குத் தெரியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரெண்டு தடவை பழவேற்காட்டுக்கு ஓடியவர். வேதாகமத்தைத் திரும்பத் தமிழில் எழுதியவர். பக்திமான் என்று பெயரெடுத்தவர். கடைசிக் காலத்தில் கடனைக் கட்ட முடியாமல் சென்னையில் ஜெயிலுக்கும் போனவர்.

"பரிசுத்தமா வாழணும், தேவனுக்குக் கீழ்ப்படிஞ்சு வாழணும்" என்று வாழ்நாள் முழுக்கப் பிரசங்கம் செய்த மனிதர் கடன்காரராகி உள்ளே போனால், அந்த வாழ்க்கைக்கு என்ன பெயர் வைப்பது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி வழியாகப் போகணும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி. பாதிக்கு மேல் ஆந்திராவில் இருக்கு. போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். மகிமை மாதா கோயில் 1515ல் எழுந்தது என்பது ஊர் வழக்கு. பிறகு டச்சுக்காரர்கள். 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமை இடம் நெடுங்காலம் இதுதான். 1690ல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

இங்கே நெய்த துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்து மிளகும் ஜாதிக்காயும் வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, இதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் போனார்கள் என்பது. பஞ்ச காலத்தில் பிழைக்க வழியில்லாமல் விற்கப்பட்டவர்கள், ஆள் பிடிக்கிறவர்களிடம் மாட்டியவர்கள் எனப் பல ஆயிரம் பேர். அடிமைகளாகக் கப்பலேறி பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனார்கள். கோட்டையில் வெடிமருந்து ஆலையும் நடந்தது.

அதே கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனையும் நடந்தது. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். கம்பெனிச் சம்பளம். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து, ஒரு பிராமணர் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறார், எதைச் சாப்பிடுகிறார், எதைத் தீட்டு என்கிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். அவர் இறந்தபின் 1651ல் லெய்டன் நகரில் அது புத்தகமாக வந்தது. தென்னிந்திய சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான ஆரம்பகால நூல்களில் முக்கியமானது. பர்த்ருஹரியின் சுலோகங்களும் அதில் டச்சு மொழியில் இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, பழவேற்காட்டில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசியவர்கள் யாருக்கும் சுத்தமான இடம் கிடைக்கவில்லை. அறைக்குள்ளே ஆசாரத்தைப் பற்றிய பேச்சு. வெளியே படகுத்துறையில் ஆள் ஏற்றுமதி. ரெண்டுக்கும் ஒரே கொடி.

ஹாலேயிலிருந்து வந்த ஆள்

நூறு வருஷம் தள்ளி வருவோம். பெப்ரீஷியஸ் 1711ல் பிறந்தார். முதலில் படித்தது சட்டம்! அதை விட்டுவிட்டு ஹாலே நகரத்துக்குப் போய் இறையியல் படித்தார். ஹாலே என்றால் பிராங்கே என்பவர் தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் இருந்த ஊர். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்குவும் அங்கே படித்தவர்தான்.

அந்தக் கூட்டத்தார் சொன்னது ரொம்ப எளிமை. கோயிலுக்கு வந்து சரியான கொள்கையை ஒப்பித்தால் போதாது. விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பது திங்கட்கிழமை தெரியணும். வேதம் படி, உன்னை நீயே சோதித்துப் பார், ஏழைக்குச் செய், கணக்குச் சொல். இதில் "கணக்குச் சொல்" முக்கியம். மிஷனரிகள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதி ஹாலேக்கு அனுப்பணும். யாரைப் பார்த்தேன், என்ன பேசினேன், யார் திட்டினார்கள் என்று எல்லாமே. அதை அங்கே வரிசையாக அச்சுப் போட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால், தினமும் லாக் எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்புகிற வேலை :-)

1740ல் தரங்கம்பாடிக்கு வந்தார். ரெண்டே வருஷத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகட்டு இல்லாத ஆள். சபை, பள்ளிக்கூடம், தமிழ் என்று இருந்தார்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். (ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து இந்தக் கதையைப் படிக்கலாம். செம சுவாரசியமா இருக்கும்.) மிஷனின் வீடும் கோயிலும் கைவிட்டுப் போயின. பெப்ரீஷியஸ் தன்னைச் சேர்ந்தவர்களோடு டச்சுக்காரர்களின் பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். ஒப்பந்தம் ஆகி 1749ல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தபின்தான் வேப்பேரியில் இடம் கிடைத்தது. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிய கோயில் அது. சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவர்தான்.

சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், 1758 டிசம்பரில் லாலி படையோடு வந்து சென்னையை முற்றுகையிட்டார். வேப்பேரி கோட்டைக்கு வெளியே இருக்கிற இடம். சூறையாடிவிட்டார்கள். மறுபடி பழவேற்காடு! 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துவது

புதிய ஏற்பாடு ஏற்கெனவே சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714, 1715ல் தரங்கம்பாடியில் அச்சாகியிருந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்டதை சூல்ட்சே முடித்திருந்தார். அப்புறம் பெப்ரீஷியஸுக்கு என்ன வேலை? வேறொருவர் அவசரத்தில் எழுதிய கோடைப் பராமரிக்கிற வேலை கிடைத்தவர்களுக்கு இது புரியும். ஓடுகிறதா, ஓடுகிறது. ஆனால் படிக்க முடியாது. வரிக்கு வரி உட்கார்ந்து, மூல மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்க் காதுக்கு ஒத்துவருகிற மாதிரி திரும்ப எழுதணும். இந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது.

அவர் திருத்திய புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. பழைய ஏற்பாடு முழுசாக அச்சேறி முடிந்தது 1796ல். பார்க்க அவர் இல்லை. பிற்பாடு வந்த தமிழ் வேதாகமங்கள் பலவற்றுக்கும் அடித்தளம் அவருடைய நடைதான். தேவனை அவர் 'பராபரன்' என்று எழுதினார். ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். லுத்தரன் சபைகளில் அவை தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டன.

அச்சுக்கூடம் வந்த கதையும் உண்டு. 1761ல் பாண்டிச்சேரி விழுந்தபோது பிடிபட்ட அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. கம்பெனி அதை வேப்பேரி மிஷனிடம் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கம்பெனி வேலை வந்தால் அதைத்தான் முதலில் அடித்துத் தரணும். யாருக்கு முதலில் கீழ்ப்படிவது என்ற கேள்வி அச்சுக்கூடம் வரை வந்துவிட்டது பாருங்கள்.

கடன்

அந்தக் காலத்துச் சென்னையே கடனில் ஓடிய ஊர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாங்காத ஆளிடம் கடன் வாங்கவில்லை. வட்டி அதிகம் என்பதால் கம்பெனி அதிகாரிகளே போட்டி போட்டுக் கொடுத்தார்கள். 1785ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைக் கிழிகிழி என்று கிழித்தார். ஊர் நாறியது.

அந்தச் சூழலில் நம்ம பாதிரியாரும் கையிலிருந்த பணத்தை வட்டிக்கு விட்டார். தனக்காக இல்லை. வருமானம் வந்தால் மிஷனுக்கு ஆகும் என்ற எண்ணம். ஆனால் அது அவருடைய சொந்தப் பணம் மட்டும் இல்லை. மிஷன் பணம், அவரை நம்பி மற்றவர்கள் கொடுத்து வைத்த பணம் எல்லாம் அதில் போனது. வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பாதிரியார் கடன்காரர் ஆனார். 1770களின் பிற்பகுதியில் தொடங்கிய சிக்கல் கடைசி வரை தீரவில்லை. கடனாளிகள் சிறைக்கும் போக வேண்டி வந்தது. 1788ல் கெரிக்கே என்பவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1791 ஜனவரியில், கிட்டத்தட்ட 80 வயதில், பெப்ரீஷியஸ் இறந்தார்.

அதே காலத்தில் இன்னொரு ஹாலே ஆள் இருந்தார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ். 1779ல் ஹைதர் அலியிடம் கம்பெனி தூது அனுப்பியபோது போனவர் அவர். வேறு யாரையும் நம்பமாட்டேன், அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். எதிரி ராஜாவே நம்புகிற அளவுக்கு ஒருவர். சொந்த சபையாரிடமே தலைகுனிந்து நிற்க வேண்டிய நிலையில் இன்னொருவர். வரலாற்று நூல்களில் சுவார்ட்ஸுக்குத் தனி அத்தியாயமே இருக்கும். பெப்ரீஷியஸ் கதையின் கடைசிப் பகுதியைச் சிலர் ரெண்டு வரியில் தாண்டிப் போவார்கள்.

தாண்டக்கூடாது என்பது என் கட்சி. "பாவம், வெகுளி மனுஷன், ஏமாத்திட்டாங்க" என்று முடித்துவிடவும் கூடாது. பணத்தை நம்பிக் கொடுத்தவனுக்கு அவர் வெகுளியா இல்லையா என்பது முக்கியமில்லை, பணம் போச்சு. சட்டம் படித்தவருக்குக் கடன் பத்திரம் என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்?

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று நாம் இணையத்தில் புரட்டுகிற அகராதியின் முதல் பதிப்பு வேப்பேரியில் அச்சானது 1779ல். கூட உழைத்தவர் பிரைட்டாப்ட். சுமார் 9,000 சொற்கள். ஆங்கிலம் - தமிழ்ப் பகுதி வந்தது 1786ல். ரெண்டுமே கடன் கழுத்தை நெரித்த வருஷங்கள்! வெளியே தலைகாட்ட முடியாத நிலையிலும் சொல் சேர்க்கும் வேலை நிற்கவில்லை. மொழிபெயர்ப்பும் நிற்கவில்லை.

பாடு

மறுபடி பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரியை நம்பி வாழ்கிற கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் மாதிரி ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கு. ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்களை, பலம் உள்ளவன் வளைத்துப் போட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடிக் குலுக்கல் போட்டு முடிவு செய்யும். உங்கள் பங்குக்கு அன்று ஒன்றுமே படவில்லை என்றாலும் அடுத்தவன் இடத்தில் வலை போடக்கூடாது. முறையை மீறினால் ஊருக்குப் பதில் சொல்லணும். (இது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பாட்டு உரிமை இல்லாத சாதிகளும் அதே ஏரியைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதில் தகராறும் உண்டு.)

கிறிஸ்தவத் தமிழில் 'பாடு' என்றால் இயேசு பட்ட துன்பம். ஏரித் தமிழில் உன் முறை, உன் இடம். கீழ்ப்படிதல் என்பதை இந்த ரெண்டாவது அர்த்தத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு பெப்ரீஷியஸ் கொஞ்சம் பிடிபடுகிறார். அவருக்குக் குலுக்கலில் விழுந்த இடம் மொழி. அந்த இடத்தில் அவர் 50 வருஷம் ஒழுங்காக வலை போட்டார். ஊர் எரிந்தபோதும், ஜெயிலுக்குப் போய் வந்தபோதும் அதை விடவில்லை. வட்டிக் கடை அவருடைய பாடு இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் போனார். ஆனாலும் அங்கே போட்ட வலை மற்றவர்கள் பணத்தையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போனது.

பரிசுத்தமான வாழ்க்கை என்றால் கறையே படாத வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டால் இவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான். ஆனால் அவரை வளர்த்த ஹாலே கேட்டதே அது இல்லை. கணக்குச் சொல் என்றுதான் கேட்டது. அப்படிப் பார்த்தால் வரவுப் பக்கத்தில் வேதாகமமும் அகராதியும் பாட்டுகளும் இருக்கு. பற்றுப் பக்கத்தில் திரும்பி வராத அடுத்தவர் பணம் இருக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது. ரெண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் அந்த மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை.

பழவேற்காட்டுக் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1806ல் இடித்துவிட்டார்கள். இப்போது மண்மேடும் புதரும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் நன்றாக இருக்கு. பூநாரை பார்க்கவும் நண்டு வாங்கவும் போகிறவர்கள் அங்கேயும் ஒரு அரைமணி நேரம் நின்றுவிட்டு வாங்க. பெப்ரீஷியஸ் பெயர் எந்தக் கல்லிலும் கிடைக்காது. அதற்கு அகராதியைத்தான் திறக்கணும். முதலில் 'பாடு' என்ற சொல்லையே தேடிப் பாருங்களேன்.