சி டிரைவ், டி டிரைவ், ஒரு லாங் சைஸ் நோட்டு

நம் மலரில் ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியும், மரத்தடி அரட்டையைப் பற்றியும், பேராசிரியப் பெருமக்களைப் பற்றியும் நண்பர்கள் நிறைய எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் வறண்டது. ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பங்கு பிரித்தோம், அதில் இருந்ததை எப்படிப் பிரதி எடுத்துக் காப்பாற்றினோம் என்பதுதான். "இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று கேட்காதீர்கள். சொத்துப் பிரிப்பதில் எத்தனை தகராறு உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு. 1999-ல் வெளியேறிய எங்கள் பேட்ச்சில் சிலருடைய பட்டமே இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து மெகாபைட்டும் நான்கு பங்கும்

1983-ல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரை 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு கொண்டு வந்தது. இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது போதாது. அன்று அது பெரிய நிலம். அதோடு வந்த பி.சி. டாஸ் 2.0-ல்தான் எஃப்டிஸ்க் என்ற கட்டளை பிறந்தது. டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 64 பைட் மட்டும் பாகப் பத்திரம். ஒரு பங்குக்கு 16 பைட் வீதம் நான்கு பங்கு. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை, இதிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்திருக்க வேண்டுமா வேண்டாமா, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒரே டிஸ்க்கில் வெவ்வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் சண்டையில்லாமல் குடியிருக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

டிஸ்க் வளர வளர, பிரிப்பது ஆசைக்காக என்பது போய் வேறு வழியில்லாமல் என்று ஆயிற்று. ஒரு பங்கு 32 மெகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய டாஸின் வரம்பு. 1987-ல் வந்த டாஸ் 3.3, நாலில் ஒரு பங்கைப் பெரிய பெட்டியாக்கி அதற்குள் டி, ஈ, எஃப் என்று சின்னச் சின்ன அறைகள் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது. 1988-ல் டாஸ் 4.0 அந்த 32 மெகாபைட் சுவரை இடித்தது. பிறகு 2 கிகாபைட் என்ற அடுத்த சுவர் வந்தது.

நாங்கள் கல்லூரிக்குள் நுழைந்த 1995-ல் இன்னொரு கணக்கு நடைமுறையில் இருந்தது. அந்தக் கால ஃபேட் 16 முறையில், பங்கு ஒரு கிகாபைட்டைத் தாண்டினால் ஒரு கிளஸ்டர் 32 கிலோபைட். அதாவது அம்மாவுக்கு நாலு வரிக் கடிதம் எழுதினாலும் டிஸ்க்கில் 32 கிலோபைட் இடம் காலி. அதே டிஸ்க்கை 500 மெகாபைட் துண்டுகளாகப் பிரித்தால் கிளஸ்டர் 8 கிலோபைட்டாகக் குறையும். சி-ப்ரோக்ராம் எழுதிப் பழகும் மாணவர்களிடம் குட்டிக் குட்டி ஃபைல்கள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆக, பிரித்தவன் பிழைத்தான். 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு ஃபேட் 32 வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. விண்டோஸ் மாதத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும். "டேய், சி-யில ஒண்ணும் வைக்காதே. ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடும். உன் சாமானெல்லாம் டி-யில போடு" என்பதுதான் சீனியர்கள் எங்களுக்குச் சொன்ன முதல் உபதேசம்.

சனிக்கிழமை மதியமும் லினக்ஸும்

எங்கள் கம்ப்யூட்டர் மன்றம் சனிக்கிழமை மதியம் லேபில் கூடும். 1996-ல் பி.சி. குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு சேர்த்துத் தந்தது. அது கைக்கு வந்ததும் மன்றத்தின் தொழிலே மாறிப்போயிற்று. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கில் லினக்ஸுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டுமே!

இந்த விஷயத்தில் நாங்கள் பெரியவர்கள் வழியில்தான் போனோம். லினக்ஸை 1991-ல் ஹெல்சிங்கியில் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஒரு நாள் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்கு டயல் செய்யப் போய், மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தன் ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். அதுவரை அவர் நம்பியிருந்த மினிக்ஸ் பங்கு பாழாயிற்று. அதைத் திரும்பப் போடாமல், தன் சொந்த லினக்ஸிலேயே முழுமூச்சாக இறங்கிவிட்டார் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஆரம்ப லினக்ஸில் பங்கு பிரிக்க நல்ல கருவி கிடையாது. மான்செஸ்டர் கம்ப்யூட்டிங் மையத்தைச் சேர்ந்த லெ பிளாங்க் 1992-ல் லினக்ஸுக்கான எஃப்டிஸ்க்கை எழுதினார். அடுத்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஃபிப்ஸ் வந்தது. உள்ளே இருப்பதை அழிக்காமலேயே பங்கை இரண்டாக வெட்டித் தரும் கருவி. முதலில் டிஃபிராக் ஓட்டி ஃபைல்களையெல்லாம் முன்பக்கம் ஒதுக்க வேண்டும், பிறகு வால் பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் அது, "பழைய பத்திரத்தை ஒரு பிளாப்பியில் எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வியில் பேக்கப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எங்கள் லேப் அசிஸ்டென்ட் சார் அந்தக் கேள்வியை எங்களைவிட ஆழமாக எடுத்துக்கொண்டார். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஒரு மெஷினுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். லினக்ஸ் எஃப்டிஸ்க் காட்டும் பட்டியலை அப்படியே கையால் எழுதிவிடுவார். எத்தனை பங்கு, ஒவ்வொன்றும் எந்த சிலிண்டரில் தொடங்கி எதில் முடிகிறது, வகை எண் 6-ஆ, 82-ஆ, 83-ஆ எல்லாம் இருக்கும். யாராவது மாற்றினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவார். "என்ன சார், பத்திர ஆபீஸ் மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்வோம். "சிரிங்கப்பா, சிரிங்க" என்பார்.

பேக்கப் என்றால் அன்று பிளாப்பிதான். 100 மெகாபைட்டுக்கு 1.44 மெகாபைட் பிளாப்பி எழுபது வேண்டும். ஏ.ஆர்.ஜே. போட்டுச் சுருக்கி, துண்டு துண்டாக வெட்டி, வரிசையாக எண் போட்டு அடுக்குவோம். திரும்ப ஏற்றும்போது முப்பத்தாறாவது பிளாப்பி "படிக்க முடியவில்லை" என்று மக்கர் பண்ணினால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் பலரும் பேக்கப்பே எடுக்கவில்லை. "டி-யில இருக்குல்ல, போதும்" என்று இருந்துவிட்டோம்.

1999 ஏப்ரல் 26

அது ஒரு திங்கட்கிழமை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய சமயம். சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று ஆசியா முழுக்கப் பல லட்சம் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. தைவானில் ஒரு மாணவர் எழுதி 1998-ல் பரவத் தொடங்கிய அது, செர்னோபில் விபத்து நடந்த தேதியில் விழித்துக்கொள்ளும். அதனால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர். ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சுமார் ஒரு மெகாபைட்டை அழித்துவிடும். சில மெஷின்களில் பயாஸ் சில்லையும் கெடுத்துவிடும்.

காலையில் லேபைத் திறந்து மெஷின்களைப் போட்டால் வரிசையாகக் கறுப்புத் திரை. டாஸ் பிளாப்பியில் ஏற்றிப் பார்த்தால் சி டிரைவும் இல்லை, டி டிரைவும் இல்லை. ஒரு பையன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

கொஞ்சம் நிதானித்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. அழிந்தது முதல் ஒரு மெகாபைட். பாகப் பத்திரம் அதில் போயிற்று. சி டிரைவின் ஃபேட் அட்டவணையும், அதன் மாற்றுப் பிரதியும், ரூட் டைரக்டரியும் எல்லாமே அந்த ஒரு மெகாபைட்டுக்குள்தான் இருந்தன. ஆக, சி காலி. ஆனால் டி டிரைவ் 500 மெகாபைட் தள்ளி இருக்கிறது. அதை வைரஸ் தொடவே இல்லை! வீடு அப்படியே இருக்கிறது, விலாசம்தான் தொலைந்துவிட்டது.

விலாசம் எங்கே? சாரின் நோட்டில்!

டாஸ் எஃப்டிஸ்க்கைத் தொடவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். அது புதுப் பங்கு போடும்போது அதன் முதல் செக்டார்களையும் சேர்த்து அழித்துவிடும். லினக்ஸ் எஃப்டிஸ்க் அட்டவணையை மட்டும்தான் எழுதும், உள்ளே கை வைக்காது. லினக்ஸ் பிளாப்பியில் மெஷினை எழுப்பி, சார் நோட்டைப் பார்த்து எண்களை உரக்கப் படிக்க, ஒருவன் அடிக்க, இன்னொருவன் திரையைப் பார்த்துத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தான். எழுதிவிட்டு மறுபடி ஏற்றினோம். டி என்று அடித்து டைரக்டரி கேட்டதும் ஃபைல் பெயர்கள் வரிசையாக இறங்கி வந்தன. லேபில் எழுந்த சத்தத்தைக் கேட்டு ஹெச்.ஓ.டி. ஓடி வந்தார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு நண்பன் ரிப்போர்ட்டை மை டாக்குமெண்ட்ஸிலேயே வைத்திருந்தான். அது சி-யில் இருந்தது. கையில் இருந்தது திருத்தத்துக்காக எடுத்த ஒரு பிரிண்ட் அவுட் மட்டும். நாலு பேர் முறை வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தோம். அந்தக் காகிதம்தான் அவனுடைய பேக்கப் என்று அன்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறையும் வீடும் ஒன்றல்ல

இந்த வெற்றியே எங்களை ஏமாற்றியும் விட்டது. "டி-யில வச்சா தப்பிக்கும்" என்ற நம்பிக்கை இறுகிப்போயிற்று. மன்றத்தில் 1998-ல் துறையின் பழைய குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்து ஒரு மெஷினின் ஈ டிரைவில் வைத்திருந்தோம். வைரஸுக்கு அது தப்பியது. நாங்கள் வெளியேறி இரண்டு வருடம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க்கே டக்டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சி, டி, ஈ மூன்றும் ஒரே நாளில் போயின. பங்கு பிரிப்பது வீட்டுக்குள் சுவர் எழுப்புவது. பேக்கப் என்பது நகையை இன்னொரு வீட்டில் கொடுத்து வைப்பது. வீடே இடிந்தால் சுவர் என்ன செய்யும்?

ஒரு ஜூனியர் தன் ஆசைக்காக மூன்று வருடத்துப் படங்களை மட்டும் குறுந்தகட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தான். நம் சங்கத்திடம் இன்று இருப்பவை அவை மட்டுமே. மற்ற வருடங்களின் முகங்கள் இல்லை. அதில் மறைந்த ஆசிரியர்களும் உண்டு.

பிறகு கருவிகள் வளர்ந்தன. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய பகுதியை மட்டும் பிரதி எடுத்து எழுபது பிளாப்பித் தொல்லையை ஒழித்தது. பழைய 64 பைட் பத்திரம் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாமல் ஓய்வு பெற்று, ஜி.பி.டி. என்ற புதிய முறை வந்தது. வழக்கமாக 128 பங்குக்கு அதில் இடம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. அது தன் அட்டவணையை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு பிரதி எழுதி வைத்துக்கொள்கிறது. எங்கள் சாரின் நோட்டு டிஸ்க்குக்குள்ளேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொல்லிப் பரவிய 3-2-1 கணக்கையும் நினைவில் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில்.

இனி மலர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில், பீரோவின் அடித்தட்டில், கல்லூரி நாளின் பிளாப்பியோ குறுந்தகடோ காகிதப் படமோ இருந்தால் இந்தச் சந்திப்புக்குக் கையோடு கொண்டு வாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். படிக்கிற டிரைவ்களோடு நானும் இரண்டு ஜூனியர்களும் மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். மூன்று பிரதி எடுத்து ஒன்றை உங்களிடமே கொடுத்துவிடுவோம். யார் கொடுத்தார்கள், என்ன இருந்தது, எங்கே வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் எழுதி வைக்க ஒரு லாங் சைஸ் நோட்டும் வாங்கியாயிற்று. கையெழுத்துப் போடாமல் யாரும் போகக் கூடாது.