உறுதியும் பதிவேடும்: ரோவில் நிலத்தை முன்வைத்து ஆவணம் புனையும் கலை

மெல்பேண் மாநகரின் கிழக்கே, நொக்ஸ் நகரசபை எல்லைக்குள் அமைந்த ரோவில், ரோ குடும்பத்தாரின் பெயரைத் தாங்கிய ஊர். அவர்கள் 1882இல் எழுப்பிய ஸ்டாம்போர்ட் பார்க் இல்லம் இன்றும் நிற்கிறது. மேய்ச்சல் நிலங்கள் பின்னர் மனைகளாயின. அவற்றில் இன்று ஈழத்தமிழரும் வாழ்கின்றனர். இங்கு வீடு வாங்குவோர் பெறும் உரிமைப்பதிவும், அவர்தம் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசைக் கொண்டு முடிப்பித்த உறுதியும் ஒரே காரியத்துக்கானவை. எனினும் இரண்டும் நிலத்தை வெவ்வேறாகப் படைக்கின்றன. நிலச்சட்டத் தொழிலைப் படைப்புக்கலை என்று கொள்ளின், அப்படைப்பில் எது இடம்பெற்றது, எது விடுபட்டது என்பதே ஆராயத்தக்கது.

யாழ்ப்பாண உறுதி ஒருவகையில் கதைகூறல். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாற்புற எல்லையிலும் உள்ள அயலவர் பெயர், அக்காணி முதுசொமாகவோ சீதனமாகவோ தேடிய தேட்டமாகவோ வந்த வழி, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகியன அதில் வரும். ஒரு கிணற்றைப் பல பிள்ளைகளுக்குச் சண்டையின்றிப் பங்கிட்டு எழுதுவதில் நொத்தாரிசின் திறம் வெளிப்படும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, காணி விற்போர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அக்காணியை ஒற்றியாகக் கொண்ட அயலவருக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. நிலம் உறவுகளுக்குள் கிடந்தது.

1858இல் தென் அவுஸ்திரேலியாவில் சட்டமான டொரன்ஸ் முறை இதற்கு நேர்மாறானது. ரொபர்ட் ரிச்சர்ட் டொரன்ஸ் சட்டத்தரணி அல்லர். அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பல் உரிமையைப் பதிவேட்டில் மாற்றும் வழக்கத்தை நிலத்துக்குப் பொருத்தினார் என்பர். ஹம்பர்க் பதிவுமுறையை அறிந்த உல்ரிக் ஹூப்பேயின் பங்கும் இதில் உண்டு. சட்டத்தரணிகளோ எதிர்த்தனர், பழைய உறுதிகளைத் துருவும் வேலை அவர்களுக்குப் பிழைப்பாயிற்றே! விக்டோரியா 1862இல் இம்முறையை ஏற்றது. இதன்படி உரிமை பதிவிலிருந்தே பிறக்கிறது. ரோவில் மனை ஒன்று தொகுதி எண், ஏட்டு எண், வரைபடம் என்பவற்றுள் அடங்கும். அயலவர் பெயருக்கு அங்கு இடமில்லை. இதற்காக வருந்தவேண்டியதில்லை என்பது என் கருத்து. போர்க்காலத்தில் உறுதிகளை இழந்து இடம்பெயர்ந்தோருக்கு, அரசு பொறுப்பேற்கும் பதிவின் அருமை சொல்லாமலே விளங்கும். இலங்கையும் 1998இல் இவ்வகை உரிமைப்பதிவுக்குச் சட்டம் இயற்றியது.

ஆயினும் அயலவர் முற்றாக மறைந்துவிடவில்லை. விக்டோரியாவில் ஒருவரது நிலத்தை 15 ஆண்டுகள் தடையின்றித் தனக்கென ஆண்டவர், பதிவில் வேறு பெயர் இருப்பினும் உரிமை கோரலாம். வேலி வழக்குக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தார் இவ்விதியை எளிதில் விளங்கிக்கொள்வர்.

பதிவேடு சொல்லாத முற்கதை ஒன்றும் இந்நாட்டு நிலத்துக்கு உண்டு. 1835 யூன் மாதத்தில் ஜோன் பட்மன், போட் பிலிப் பகுதியில் ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கரைக் கூலின் மக்களின் மூத்தோரிடமிருந்து பெற்றதாக ஆவணம் எழுதினார். மண்ணைக் கையளித்து உடைமை மாற்றும் பழைய ஆங்கில வடிவம் அதில் கையாளப்பட்டது; போர்வை, கத்தி, கோடரி, கண்ணாடி முதலியன விலைப்பொருள்கள். அம்மூத்தோர் எதற்கு இசைந்தனர் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆளுநர் பர்க் அவ்வாண்டு ஓகஸ்டில் அதனைச் செல்லாததென அறிவித்தார். மோசடி என்பதற்காக அன்று. நிலம் முடிக்குரியது, விற்க அம்மக்களுக்கு உரிமையில்லை என்பதற்காக. 1992இல் உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்றது. ஆனால் முழு உரிமையாக வழங்கப்பட்ட நிலங்களில் அது அற்றுப்போயிற்று என்றும் கொண்டது. வுருண்ட்ஜெரி, புனுரோங் மக்களின் மண்ணில் அமைந்த நொக்ஸ் மனைகளும் அத்தகையனவே.