கும்பினித் துப்பாக்கியில் ஓர் இதயம்

பழைய கைத்துப்பாக்கி ஒன்று. மரப்பிடி கறுத்துவிட்டது. சக்கிமுக்கிக் கல் பொருத்தும் விசையைத் தாங்கிய பக்கவாட்டுத் தகட்டில், இதய வடிவில் ஒரு சிறிய முத்திரை. குறுக்குக் கோடுகள் அதை நான்காகப் பிரிக்கின்றன. அவற்றினுள் வி, இ, ஐ, சி என்ற ஆங்கில எழுத்துகள். உச்சியில் 4 என்ற எண்ணைப் போன்ற குறி. ஆளைக் கொல்லும் ஆயுதத்தில் இதயம் எதற்கு? யாராவது கொடுத்த காதல் பரிசா?

இல்லை. அது கிழக்கிந்தியக் கும்பினியின் சரக்கு முத்திரை. துணி மூட்டையும் மிளகு மூட்டையும் துறைமுகத்தில் பிறர் சரக்கோடு கலந்துவிடாமல் இருக்க இட்ட அடையாளம். 4 போன்ற குறியை ஐரோப்பிய வணிகர்கள் பலர் வெகுகாலமாகவே பயன்படுத்தி வந்தனர். அக்கால வழக்கப்படி 'யு' எழுத்தை 'வி' என்று பொறித்தார்கள். ஆக, அந்த நான்கு எழுத்துகள் 'யுனைடெட் ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்பதன் சுருக்கம். மூட்டையில் இருந்த முத்திரைதான் துப்பாக்கியிலும் ஏறியது. பிரிட்டிஷ் அரசரின் படைக்குரிய ஆயுதங்களில் கிரீடமும் 'ஜி.ஆர்.' எழுத்துகளும் இருக்கும். வணிகர்களின் ஆயுதத்திற்கு வணிகர் குறி!

இந்த முத்திரை நம் நாட்டுக்கும் புதிதல்ல. பினாங்குக்காகக் கும்பினி அச்சிட்ட 1787ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளிலும் இதே இதயத்தைக் காணலாம்.

இதயம் போய் சிங்கம் வந்தது

1808இல் கும்பினி தன் துப்பாக்கிகளில் இதயத்தை விட்டு, முன்னங்கால்களில் கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கத்தைப் பொறிக்கத் தொடங்கியது. இந்த ஒரு மாற்றம் போதும், பல கட்டுக்கதைகள் உடைந்துவிடும். "1786இல் பிரான்சிஸ் லைட்டோடு பினாங்கில் இறங்கிய துப்பாக்கி" என்று சொல்லி யாராவது சிங்க முத்திரையைக் காட்டினால் கணக்கு உதைக்கும். ஆனால், இதய முத்திரைத் துப்பாக்கி ஒன்று 1819இல் ராஃபிள்ஸ் காலத்துச் சிங்கப்பூரில் இருந்திருக்கலாம். புதியது வந்தாலும் பழைய ஆயுதத்தை உடனே தூக்கி எறிவதில்லையே!

குழலையும் பார்க்க வேண்டும். மருந்திட்டுச் சுட்டுச் சோதித்த குழலுக்குத் தனி முத்திரை உண்டு. லண்டன் சோதனைக்கூடம் கிரீடத்தின் கீழ் 'ஜி.பி.', 'வி' என்று குத்தியது. பர்மிங்ஹாமில் 1813இல் சட்டப்படி சோதனைக்கூடம் அமைந்தபின், குறுக்காக நிற்கும் இரு செங்கோல்களோடு 'பி.பி.சி.' வந்தது. இது செய்தி நிறுவனம் அல்ல. பர்மிங்ஹாம் புரூஃப் கம்பெனி! இதயத் தகடும் இந்தக் குழலும் ஒரே துப்பாக்கியில் இருந்தால், குழல் பின்னாளில் மாற்றப்பட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இதே முத்திரை

நீண்ட துப்பாக்கிகளிலும் இதே குறிகள்தாம். அவற்றைத் தூக்கிய சிப்பாய்களில் தமிழர்களும் இருந்தனர். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, சிங்க முத்திரை இன்னும் பிறக்கவில்லை. 1858இல் இந்தியாவின் ஆட்சி கும்பினியிடமிருந்து அரசியாரின் கைக்குப் போனது. முத்திரையிட்ட இரும்பு மட்டும் மிஞ்சியது.

பரண்மேல் இப்படியொரு துப்பாக்கி கிடைத்தால் முதலில் காவல் துறையிடம் தெரிவிப்பதே முறை. பளபளக்க வேண்டும் என்று உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடக் கூடாது. துருவோடு முத்திரையும் போய்விடும். அதன் பிறகு அது யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்ல எதுவும் இருக்காது.