கட்-ஆஃப் கதை



ஒன்றுகூடல் என்றால் பந்தி போடுவதற்கு முன்பே ஒரு பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடும். "எங்க பேட்ச்ல 280-க்குக் கீழே ஒருத்தன் கிடையாது!" என்பார் ஒருவர். "இப்போ 180 வாங்கினாலே நம்ம காலேஜ்ல சீட்டாமே?" என்பார் இன்னொருவர். அந்த 280 என்பது 300-க்கு, இந்த 180 என்பது 200-க்கு என்பது பேச்சு சூட்டில் மறந்துபோகும். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இந்த எண்களின் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நம்மில் மூத்தவர்கள் பி.யூ.சி. முடித்து வந்தவர்கள். அன்று மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கே 75 மதிப்பெண் இருந்தது. வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே உட்கார்ந்து, தனித்தனிப் பட்டியல் போட்டன. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப் பிரிவு பிரிவாகத் தேர்ந்தெடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கொரு தராசில் நிறுத்துவிட்டு எடையை ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்?

1978-ல் ப்ளஸ் டூ வந்தது. 1984-ல் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பொறியியலுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக மொத்தம் 300. நானும் அந்த 300 காலத்து ஆள்தான். பட்டணத்துப் பையன்களுக்குக் கோச்சிங் வகுப்பு இருந்தது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைக் காரணம் காட்டித்தான் 2006-ல் சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். கட்-ஆஃப் 200 ஆனது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கு 2017-ல் நீட் வந்து அந்தக் கணக்கே தனியாகிவிட்டது.

வெவ்வேறு போர்டில் படித்தவர்களை எப்படி ஒப்பிடுவது? அதற்கும் அந்தச் சட்டம் ஒரு வழி சொன்னது. ஒரு பாடத்தில் மாநில போர்டின் முதல் மதிப்பெண் 100, இன்னொரு போர்டின் முதல் மதிப்பெண் 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆகக் கொள்ள வேண்டும். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 கிடைக்கும். ஒரே வருடத்து மாணவர்களை ஒப்பிடவே இவ்வளவு கணக்கு தேவைப்படுகிறது. முப்பது வருட இடைவெளியை நாம் பந்தி வரிசையில் நின்றபடியே தீர்த்துவிடுகிறோம்!

அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்தன. 1200-க்கு இருந்த ப்ளஸ் டூ, 2019 தேர்விலிருந்து 600-க்கு ஆனது. 2021-ல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். அந்தப் பேட்ச்சின் எண்ணை எந்தப் பேட்ச்சோடு வைத்துப் பார்ப்பது?

சரி, ஒரே வருடத்தில் இரண்டு கல்லூரிகளை ஒப்பிடலாமா? ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் கட்-ஆஃப் என்பது கடைசியாக இடம் பிடித்தவரின் மதிப்பெண். வகுப்பின் சராசரி அதில் தெரியாது. இடங்கள் கூடினால் அது இறங்கும். வீட்டுக்குப் பக்கம், ஹாஸ்டல் வசதி, "எலக்ட்ரானிக்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்" என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்து அதை ஏற்றி இறக்கும். அந்த இடத்துக்கு எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதை அது சொல்லும். உள்ளே வந்தபின் என்ன கற்றார்கள் என்று சொல்லாது. எந்த வாசலிலிருந்து வந்தார்கள் என்றும் சொல்லாது. 2021-ல் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியதற்குக் காரணமே அதுதானே!

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம்மில் சிலர் இன்று வேலைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறோம். "அந்தக் காலேஜா? கட்-ஆஃப் கம்மியாச்சே" என்று ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தால், பதினேழு வயதில் ஒருவர் எழுதிய தேர்வுக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டாம் முறை தண்டனை கொடுக்கிறோம். தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சீனியர்கள் பழைய எண்ணைச் சொன்னால் சிரித்துக்கொண்டே, "எத்தனைக்கு அண்ணே?" என்று கேளுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்: அடுத்த மலரில் ஒவ்வொரு பேட்ச்சின் கட்-ஆஃப் பக்கத்திலேயே, அந்தப் பேட்ச்சில் அரியர் இல்லாமல் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்றும் போடுங்கள். நம் கல்லூரி செய்த வேலை அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.