நிலவில் விழுந்த அழையா விருந்தாளிகள்

டாக்டர் போக நினைத்தது செவ்வாய்க்கு. வந்து விழுந்தது நிலவில். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1967 பிப்ரவரி 11 முதல் மார்ச் 4 வரை நான்கு வாரம் ஒளிபரப்பான 'தி மூன்பேஸ்' கதை இப்படித்தான் தொடங்குகிறது. காலத்தையும் வெளியையும் கடக்கும் டார்டிஸ் (வெளியிலிருந்து பார்த்தால் ஒருகாலத்தில் லண்டன் தெருமுனைகளில் நின்ற நீலநிறப் போலீஸ் பெட்டி) கட்டுப்பாடு இழந்து, உள்ளே இருக்கும் நால்வரையும் உருட்டிப் புரட்டி, ஒருவழியாகத் தரை தொடுகிறது. ஆண்டு 2070. நாற்பத்தேழு வருடம் கழித்து, 2014 அக்டோபர் 4 அன்று, அதே தொடரில் 'கில் தி மூன்' வந்தது. இம்முறை டாக்டர் நிலவுக்கென்றே கிளம்பினார். ஆனால் டார்டிஸ் போய் நின்ற இடம், நிலவை நோக்கி விழுந்துகொண்டிருந்த பழைய ஸ்பேஸ் ஷட்டில் ஒன்றின் உட்புறம். சுற்றிலும் 100 அணுகுண்டுகள். ஷட்டில் தரையில் மோதி உராய்ந்து நிற்கிறது. ஆண்டு 2049.

பழைய கதை என்றால் ரசிகர்கள் சைபர்மேன்களைப் பற்றிப் பேசுவார்கள். புதியது என்றால் முட்டையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறொன்று தெரிகிறது. யாரும் கூப்பிடாமல் ஓரிடத்தில் வந்து விழுந்தவருக்கு அந்த இடத்தின் மீது என்ன கடமை? இந்தக் கேள்விக்கு இரண்டு கதைகளும் நேரெதிரான பதில் சொல்கின்றன. அந்தப் பதில் தலைகீழானதற்கு இடையில் நடந்த அப்போலோ நிலவுப் பயணங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'தி மூன்பேஸ்' எழுதிய கிட் பெட்லர் எழுத்தைத் தொழிலாகக் கொண்டு வந்தவர் அல்லர். லண்டன் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ நிறுவனத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி. திரைக்கதை ஆசிரியர் ஜெர்ரி டேவிஸுடன் சேர்ந்து 1966இல் சைபர்மேன்களை உருவாக்கினார்: உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்திரம் பொருத்திக்கொண்டே போய், கடைசியில் உணர்ச்சியையும் கழற்றிப் போட்ட ஓர் இனம். அவர் நிலவைப் பற்றி எழுதியபோது மனிதர் யாரும் அங்கே போயிருக்கவில்லை. ஆனால் 1966 பிப்ரவரியில் சோவியத்தின் லூனா 9 மெதுவாக இறங்கிப் படம் அனுப்பியிருந்தது. ஜூனில் அமெரிக்காவின் சர்வேயர் 1 இறங்கியது. நிலவுத் தூசு, இறங்குகிற எதையும் விழுங்கிவிடும் என்று சிலருக்கு இருந்த பயம் அத்தோடு தீர்ந்தது. 1967 ஜனவரி 27 அன்று விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்ற ஒப்பந்தம் லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் மூன்று நகரங்களிலும் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அதே நாள்தான் ஏவுதள ஒத்திகையின்போது அப்போலோ 1 கலத்தில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். 'மூன்பேஸ்' முதல் பகுதி அதற்குப் பதினைந்து நாள் கழித்து வந்தது.

இத்தனை பரபரப்புக்கு நடுவில் எழுதப்பட்டும், பெட்லரின் நிலவில் பரபரப்பே கிடையாது. அது ஒரு வேலைத்தலம். கிராவிட்ரான் என்ற பெரிய எந்திரத்தை வைத்துப் பூமியின் ஈர்ப்பைத் திருகி, கடலலையையும் வானிலையையும் அங்கிருந்து ஆள்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். மேலதிகாரி ஹாப்சன் ஆங்கிலேயர், அடுத்த இடத்தில் இருக்கும் பென்வா பிரெஞ்சுக்காரர். பூமியிலிருக்கும் அலுவலகம் ரேடியோவில் கடிந்துகொள்கிறது: சூறாவளி ஏன் சொன்ன பாதையில் போகவில்லை? ஆட்கள் திடீர் திடீரென்று காய்ச்சலில் விழுகிறார்கள், அதனால் ஷிஃப்டுக்கு ஆள் பற்றவில்லை. ஜன்னல் வழியே பூமியைப் பார்த்து யாரும் உருகுவதில்லை. முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960இல்தான் மேலே போனது. ஏழே வருடத்தில், மழையைக் கணிப்பது போய் மழையை ஓட்டிச் செல்வது எழுத்தாளருக்குச் சாதாரண அரசு உத்தியோகமாகத் தோன்றியிருக்கிறது. பெட்லரின் உண்மையான துணிச்சலை நான் இங்கேதான் பார்க்கிறேன். நிலவை அதிசயமாக எழுத யாராலும் முடியும். சலிப்பூட்டும் அலுவலகமாக எழுத, நிலவுக்குப் போவது நடந்தே தீரும் என்ற நம்பிக்கை வேண்டும்.

2014இன் கதையில் அந்த நம்பிக்கை அறவே இல்லை. பீட்டர் ஹார்னஸ் எழுதிய 2049இல் மனிதர்கள் விண்வெளியை விட்டுவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் கனிமம் தேடிப் போன மெக்சிகோ தனியார் குழுவிடமிருந்து தகவல் நின்றுபோகிறது. பூமியில் அலைகள் பொங்கி ஊர்கள் மூழ்கிய பிறகே நிலவு நினைவுக்கு வருகிறது. போக வண்டி இல்லை. மியூசியத்தில் கிடந்த ஷட்டிலைத் தட்டிக்கொட்டிக் கிளப்பி, லண்ட்விக் என்ற பெண் கேப்டனையும், ஓய்வு பெற வேண்டிய வயதில் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்புகிறார்கள். உண்மையான ஷட்டில்களின் கடைசிப் பயணம் 2011 ஜூலையில் முடிந்து, எஞ்சியவை மியூசியங்களுக்குத்தான் போயின. அவை பூமிக்கு மேல் சுமார் 600 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தூரம். ஆகவே அந்த ஷட்டில் அங்கே போய்ச் சேர்ந்ததே முதல் அதிசயம், மோதி நின்றது இரண்டாவது. ஆனாலும் படிமமாக அது சரியாக விழுந்திருக்கிறது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியபின் யாரும் அங்கே கால் வைக்காத நாற்பத்திரண்டு வருடத்தை, மியூசியப் பொருள் ஒன்று தரையில் உராயும் சத்தத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

இறங்கிய கையோடு இரண்டு கதைகளும் எடை பார்க்கின்றன. பழையதில் ஈலிங் ஸ்டுடியோவில் நடிகர்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, விண்வெளி உடையில் துள்ள விட்டார்கள். 1746இலிருந்து டார்டிஸில் ஏறிய ஸ்காட்லாந்துப் பையன் ஜேமி உற்சாகத்தில் தாவி, தாறுமாறாக விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழக்கிறான். இது சும்மா வேடிக்கைக்கு எழுதியதாகத் தோன்றலாம். ஆனால் 1972 ஏப்ரலில் அப்போலோ 16இன் சார்லஸ் டியூக், உயரத் தாண்டிக் காட்டுகிறேன் என்று எம்பி, நிலை தவறி, உயிர்காக்கும் முதுகுப்பெட்டி அடியில் சிக்க மல்லாக்க விழுந்தார். பெட்டி உடைந்திருந்தால் கதை முடிந்திருக்கும். பெட்லர் ஐந்து வருடம் முந்திக்கொண்டார்.

புதிய கதையில் யாரும் துள்ளுவதில்லை. டாக்டர் ஒரு யோயோவை ஆட்டிப் பார்த்து, ஈர்ப்பு பூமியில் இருப்பதுபோலவே இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார். நிலவு கனத்துவிட்டதாம், 130 கோடி டன் கூடியிருக்கிறதாம். காரணம், அது நிலவே அல்ல, பத்துக் கோடி வருடமாக அடைகாக்கப்படும் ஒரு முட்டை. உள்ளே குஞ்சு வளர்கிறது. கணக்குப் பார்ப்போம். நிலவின் நிறை ஏறத்தாழ 7.35 லட்சம் கோடி கோடி டன். அதில் 130 கோடி என்பது 5,600 கோடியில் ஒரு பங்கு. யோயோவுக்கு இது தெரியவே தெரியாது. ஈர்ப்பு பூமியளவு ஆக வேண்டுமென்றால், இதே அளவு உருண்டைக்குள் இப்போதைப்போல் ஆறு நிலவுகளின் நிறையை அடைக்க வேண்டும். இன்னொன்று, குஞ்சு வளர்வதால் முட்டையின் எடை கூடாது. கோழிமுட்டை அடைகாக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவி போய், எடை குறையத்தான் செய்கிறது. ஒளிபரப்பான இரவிலிருந்தே அறிவியல் தெரிந்தவர்கள் இந்தக் கதையைப் போட்டுத் தாக்கினார்கள், தாக்கியது நியாயம்தான்.

பழைய கதையும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். கிராவிட்ரான் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால் பதிலில்லை. லிஸ்டரிடம் 1888இல் கிளாஸ்கோவில் மருத்துவம் படித்ததாக டாக்டர் சொல்கிறார். ஜோசப் லிஸ்டர் 1869லேயே கிளாஸ்கோவை விட்டுப் போய்விட்டார். காலப்பயணிக்கே தேதி தவறுவது ஒரு சுவை. ஆனால் ரசிகர்கள் காலங்காலமாகச் சிரிக்கும் காட்சி, கூரையில் விழுந்த ஓட்டையைக் காபித் தட்டால் அடைப்பது. நான் சிரிக்க மாட்டேன். உள்ளே பூமியின் காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் காற்றே தட்டை ஓட்டையின்மேல் அழுத்திப் பிடிக்கும். உள்ளங்கை அகல ஓட்டை என்றால் நூறு கிலோ அளவு. தட்டு வளையாமல் தாங்குமா என்பது தட்டைப் பொறுத்தது.

வீட்டுச் சாமான் உயிர் காப்பது இரண்டிலும் வருகிறது. பழையதில், தளத்தைத் தாக்கும் சைபர்மேன்களின் மார்புப் பெட்டி பிளாஸ்டிக் என்று யோசித்து, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனோடு கிடைத்த கரைப்பான்களையெல்லாம் கலந்து, தீயணைப்புக் கருவியில் நிரப்பி அடிப்பது டாக்டருடன் வந்த பாலியின் யோசனை. புதிய கதையில், சிலந்தி மாதிரி பாய்ந்து வரும் பெரிய கிருமியை 15 வயதுப் பள்ளி மாணவி கோர்ட்னி, கையிலிருந்த கிருமிநாசினி ஸ்ப்ரேயால் கொல்கிறாள். ஆனால் பாலியின் நிலைமை வேறு. பழைய கதையில் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுக்கும்படி அவளிடம்தான் சொல்கிறார்கள். தாக்கப் போகும்போது, இது ஆண்கள் வேலை, நீ இரு என்கிறான் அவள் கூட்டாளி பென். (காபிக்கான சர்க்கரையில்தான் விஷம் என்பதும், அவள் சொல் கேட்காமல் கூடவே போனாள் என்பதும் எழுத்தாளர் செய்த பரிகாரம்.) புதியதில் கோர்ட்னியை டாக்டர் அழைத்து வந்ததே, நிலவில் கால் வைத்த முதல் பெண் என்ற பெயரைத் தரத்தான். அப்போலோவில் போய் அந்த மண்ணை மிதித்த 12 பேரும் ஆண்கள். முடிவெடுக்கும் அறையில் கடைசியில் மிஞ்சுவதும் மூன்று பெண்கள்: பள்ளி ஆசிரியை கிளாரா, கோர்ட்னி, லண்ட்விக்.

டாக்டர் எங்கே போனார்? இங்கேதான் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன.

1967இல் ஹாப்சனுக்கு இந்த நான்கு பேர் மீதும் சந்தேகம். இவர்கள் வந்த நேரம் பார்த்து நோயாளிகள் காணாமல் போகிறார்கள். நிலவை விட்டுப் போய்விடுங்கள் என்கிறார். பென்னுக்கும் போய்விடத்தான் ஆசை. பாட்ரிக் டிரௌட்டன் நடித்த டாக்டர் மறுக்கிறார். இங்கே ஒரு தீமை இருக்கிறது, கண்ட பிறகு விட்டுப் போக முடியாது என்று நின்றுவிடுகிறார். கெஞ்சிக் கூத்தாடி 24 மணி நேர அவகாசம் வாங்குகிறார். அடுத்தவன் இடத்தில் வழிதவறி வந்து விழுந்தவர், வீட்டுக்காரன் வெளியே போ என்றபின்னும் உட்கார்ந்து நோயாளியின் நாடி பார்க்கிறார்.

2014இல் வீட்டுக்காரர்கள் கைகூப்பாத குறையாக இருக்கச் சொல்கிறார்கள். குஞ்சைக் கொல்ல 100 குண்டுகள் தயார். கொன்றால் ஓர் உயிர், அதுவும் அண்டத்திலேயே ஒற்றை உயிர், பிறக்குமுன் போகும். கொல்லாவிட்டால் ஓடு சிதறிப் பூமியில் என்ன விழும் என்று தெரியாது. பீட்டர் கபால்டி நடித்த டாக்டர், இது உங்கள் நிலவு, முடிவும் உங்களுடையது என்று சொல்லி டார்டிஸில் ஏறிப் போய்விடுகிறார். கிளாரா பூமியோடு பேசி, கொல்லலாம் என்பவர்கள் விளக்கை அணையுங்கள் என்று கேட்கிறாள். பூமி இருண்டுபோகிறது. இதிலும் ஒரு கோளாறு உண்டு. நிலவுக்கு அப்போது முகம் காட்டும் பாதியில், இரவாக இருக்கும் ஊர்களின் விளக்குதான் தெரியும். பகலில் இருப்பவர்களுக்கும் மறுபக்கத்தாருக்கும் ஓட்டே கிடையாது. மின்சார வாரியம் நினைத்தால் ஒரு நாட்டின் ஓட்டையே மாற்றிவிடலாம். கிளாரா அந்தத் தீர்ப்பை ஏற்காமல் கடைசி நொடியில் வெடிப்பை நிறுத்துகிறாள். குஞ்சு பொரிந்து பறக்கிறது. போகும்போது இன்னொரு நிலவை முட்டையாக இட்டுவிட்டுப் போகிறது. பூமிக்குச் சேதமில்லை.

எனக்குப் புதிய கதையின் அறிவியல்மீது பெரிய கோபம் இல்லை. அந்தச் சேதமில்லாத முடிவின்மீதுதான் கோபம். தவறாகப் போயிருக்க வாய்ப்பே இல்லை என்று கடைசியில் ஆகிவிட்டால், டாக்டர் போனது சரியா தப்பா என்ற கேள்விக்கே உயிரில்லை. பழைய கதையில் ஹாப்சனின் ஆட்கள் நிஜமாகவே சாகிறார்கள், ஆகவே தங்கியதற்கு ஒரு விலை இருக்கிறது. அதே சமயம், கூப்பிடாத இடத்தில் தங்கி எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் வெளியூர்க்காரரை 1967இல் கதையைப் பார்த்தவர்கள் அவ்வளவாகச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். 2014க்குள் அந்த வகை உதவிக்கு உலகத்தில் வேறு பெயர்கள் வந்துவிட்டன. ஹார்னஸுக்கு அது தெரிந்திருக்கிறது; அதனால்தான் அவருடைய டாக்டர் ஒதுங்குகிறார். ஆனால் ஒதுங்குவதற்கு ஒரு நேரம் உண்டு. மோதிய வண்டியிலிருந்து ஒன்றாக இறங்கி, ஒன்றாகக் கிருமியிடம் ஓடி, குண்டுகள் தயாரான பிறகு எழுந்து போவதற்கு மரியாதை என்று பெயரில்லை. டார்டிஸ் திரும்பி வந்ததும் கிளாரா இதைத்தான் அவர் முகத்துக்கு நேரே கத்துகிறாள்.

'மூன்பேஸ்' முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் பிபிசியின் கிடங்கில் இல்லை, அழித்துவிட்டார்கள். ஆகவே செவ்வாய்க்குப் போக நினைத்து நிலவில் விழுந்த அந்தக் காட்சியை இன்று அசலாகப் பார்க்க முடியாது. ஒலி மட்டும் மிஞ்சியதால், அதற்கு அனிமேஷன் வரைந்து டிவிடியில் சேர்த்தார்கள். அந்த டிவிடி வந்ததும் 2014லேயே, 'கில் தி மூன்' ஒளிபரப்பாவதற்குச் சில மாதம் முன்பு. இரண்டு டாக்டர்களையும் ஒரே வருடத்தில் பார்க்கக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஒருவர், வேலை முடிந்ததும் ஹாப்சன் கும்பல் கிராவிட்ரானைச் சரிசெய்வதில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுகிறார். இன்னொருவரை, இனி வராதே என்று கிளாரா அனுப்பிவைக்கிறாள். அடுத்த சனிக்கிழமையே அவள் மறுபடி டார்டிஸில் இருந்தாள். தொடர் நடந்தாக வேண்டுமே.