வேளார் எழுதிய சிங்கம்

எங்கள் அப்பாயிக்கு அக்கி வந்தது 1971-இல். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு ஒன்பது வயது. விடியுமுன் வேளார் வந்தார். காவியைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, அப்பாயியின் இடுப்பில் கொப்புளம் ஓடிய வழியெல்லாம் பூசி, ஓரத்தில் ஒரு சிங்கம் எழுதினார். எழுதுவது என்றுதான் சொல்வார்கள், வரைவது என்று யாரும் சொல்வதில்லை. மூன்று நாள் வந்தார், காசு வாங்கவில்லை. பானை வனையும் கைக்கு அக்கி கட்டுப்படும் என்பது ஊர் நம்பிக்கை.

போன வருடம் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில், எனக்கே அக்கி வந்தது. இடது விலாவில் சட்டை உரசினாலே உயிர் போனது. முன்பு கல்குவாரியாக இருந்த இயற்கைப் பூங்காவில் தினமும் நடப்பேன், அதுவும் நின்றது. "தேக்கா மார்க்கெட்ல காவி கிடைக்குமான்னு பாருப்பா" என்றார் அம்மா. நான் டாக்டரிடம் போனேன். தூக்கம் வராத இரவுகளில் அக்கிக் கிருமியைப் பற்றிப் படித்தேன்.

சிறுவயதில் அம்மை போட்ட அதே கிருமி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருடம் கிடக்கிறது. உறங்கும்போது அதற்கு டிஎன்ஏவை மூடும் புரத ஓடு கிடையாது, வெறும் டிஎன்ஏதான். விழித்தால் செல்லின் கருவுக்குள் ஓடுகளை வனைந்து, ஒரே நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. கொப்புளம் ஒரு பக்கமாகப் பட்டைபோல் ஓடுவது அதனால்தான். வேளாரின் காவி அந்த நரம்பின் தடத்தைத்தான் பின்தொடர்ந்திருக்கிறது.

அக்கிக் கிருமி சேர்ந்த ஹெர்பிஸ் குடும்பம் முழுவதற்கும் ஓட்டின் கட்டுமானம் ஒன்றே. 1960-இல் வைல்டி, ரஸ்ஸல், ஹார்ன் என்ற மூவர் அக்கிக் கிருமியின் உறவான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஓட்டின் மேல் 162 புடைப்புகள் என்று கணக்கிட்டார்கள். ஓட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. முகங்கள் 20, முனைகள் 12. பதினோரு முனைகளை ஐந்தைந்து புரதங்கள் கூடி அடைக்கின்றன. பன்னிரண்டாவதில் மட்டும் வாய் இருப்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஓடு உருவாகும் விதத்தைப் படித்தபோது எனக்கு வேளார்தான் கண்ணுக்குள் நின்றார். அவர் பானைக்குள் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டுவார், வடிவம் வந்ததும் கல்லை எடுத்துவிடுவார். இங்கேயும் உள்ளே ஒரு சாரப் புரதம் தாங்கி நிற்க, அதைச் சுற்றி ஓடு மூடுகிறது. பிறகு ஒரு நொதி சாரத்தை வெட்டி அகற்ற, வாயில் உட்கார்ந்த புரத மோட்டார் டிஎன்ஏவை உள்ளே திணிக்கிறது. சிம்ப்ளெக்ஸ் ஓட்டுக்குள் அளந்த அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு. அடுத்த செல்லில் ஓடு கருவின் துளையருகே போய் ஒட்டியதும், அந்த அழுத்தமே டிஎன்ஏவை உள்ளே பீச்சியடிக்கிறது.

நான் விழுங்கிய ஏசைக்ளோவிர் இந்த ஓட்டைத் தொடுவதில்லை, டிஎன்ஏ படியெடுப்பதைத்தான் தடுக்கிறது. திணிக்கும் மோட்டாரையே முடக்கும் லெட்டர்மோவிர் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2017-இல் அனுமதி தந்தது. இதே குடும்பத்தின் சைட்டோமெகலோ வைரஸிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களை அது காக்கிறது. அக்கிக் கிருமியின் மோட்டார் அதற்கு மசியவில்லை. அதை நிறுத்தவும் ஒரு மருந்து வரவேண்டும் என்று, விலாவில் இன்னும் குத்தல் மிச்சமிருக்கும் நான் காத்திருக்கிறேன்.