பரதேசி என்றொரு சொல்

மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளியே வந்த சிறுவர் இருவர் சண்டையிட்டுக்கொண்டனர். ஒருவன் மற்றவனைப் "போடா பரதேசி" என்று ஏசினான். அருகில் நின்ற முதிய தாயார், "எங்க காலத்துல பரதேசி வந்தா திண்ணையில உட்கார வச்சுச் சோறு போடுவோம், சாமி" என்று வருந்தினார். பாட்டியின் காலத்துக்கும் பேரனின் காலத்துக்கும் இடையே ஒரே சொல் இரு வேறு சொற்களாகிவிட்டது.

பரதேசம் என்றால் அயல்நாடு. அங்கிருந்து வந்தவர் பரதேசி. தொடக்கத்தில் அச்சொல்லில் இழிவு இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1568-இல் கொச்சியில் எழுப்பிய தொழுகைக்கூடம் இன்றும் 'பரதேசி' என்ற அடைமொழியோடுதான் நிற்கிறது. தமிழகத்திலோ, வீடு துறந்து திருத்தலங்களை நாடி நடந்த துறவிக்கு அப்பெயர் வழங்கிற்று. பிராமணர் திருமணத்தில் மணமகன் காசிக்குப் புறப்படும் சடங்கில் அவர் பூணும் வேடம் 'பரதேசிக் கோலம்' எனப்படும். துறவி இரந்து உண்டார். பின்வந்தோர் கண்ணுக்குத் துறவு மறைந்து இரத்தல் மட்டுமே தெரிந்தது. இவ்வாறு ஏழ்மையே ஏச்சாயிற்று.

சீர்திருத்தச் சபையினரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில், பேதுருவின் முதல் திருமுகம் (2:11) கிறிஸ்தவர்களையே பரதேசிகள் என்று அழைக்கிறது. அவ்விடத்தில் கிரேக்க மூலத்தில் உடன்வரும் சொல் 'பரோய்கோஸ்'. வேற்றிடத்தில் தங்கி வாழ்பவர் என்பது பொருள். நாம் பங்கு என்பதை ஆங்கிலத்தில் 'பாரிஷ்' என்கிறார்களே, அச்சொல்லுக்கும் வேர் இதுவே. அவ்வாறே, அயலாரைக் குறித்த 'பெரெக்ரீனுஸ்' என்ற இலத்தீன் சொல், ஐரோப்பிய மொழிகளில் திருப்பயணி என உயர்ந்தது. நம்மிடையேயோ திருப்பயணியைக் குறித்த சொல் வசையாகத் தாழ்ந்தது.

சொற்கள் தாமாகத் தாழ்வதில்லை. வாசலில் நிற்பவரை ஒரு தலைமுறை எப்படிப் பார்க்கிறதோ, அப்பார்வையே அடுத்த தலைமுறையின் நாவில் பொருளாகிறது. ஆகவே அச்சிறுவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒப்பித்தது நாம் கற்பித்த பாடம்.

எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவரை அறிந்துகொள்ளாத கிளயோப்பா, 'எருசலேமில் நீர் ஒருவர்தாம் அயலாரோ' என்ற பொருள்படக் கேட்டார் (லூக் 24:18). அங்கும் லூக்கா கையாண்டது 'பரோய்கோஸ்' பிறந்த அதே வேரில் பிறந்த வினைச்சொல்லே. அந்தப் பரதேசியைச் சீடர்கள் வற்புறுத்தித் தங்கவைத்தனர். அவர் அப்பத்தைப் பிட்டபோது அவர்கள் கண்கள் திறந்தன. அன்று அவரை வழியனுப்பிவிட்டிருந்தால், அவர் யாரென்று அறியாமலே அவர்கள் உறங்கியிருப்பார்கள்.